ஈயக்குண்டுக்கு ஒரு தோல்: பவுடர் கோட்டிங் எப்படி வேகிறது?

தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்து உருட்டியவர்களுக்குத் தெரியும், விரல் நுனியில் பென்சில் கரி போல ஒரு சாம்பல் நிறம் ஒட்டிக்கொள்ளும். அழுக்கு என்று நினைத்து வேட்டியிலோ பேண்ட்டிலோ துடைத்துவிட்டு, அதே கையால் முறுக்கை எடுத்துக் கடிப்போம். அந்தச் சாம்பல் நிறம் ஈயம்தான். ஈயம் மிக மென்மையான உலோகம். நகத்தால் கீறினாலே கோடு விழும். அதனால் தொடுகிற எல்லாவற்றின் மேலும் தன்னைக் கொஞ்சம் தேய்த்துவிட்டுப் போகும்.

வீட்டில் வார்த்த ஈயத்துக்கு மேலே ஒரு பூச்சு ஏன் வேண்டும் என்பதற்கு இந்த விரல் கறையே போதுமான விளக்கம். அந்தப் பூச்சை எப்படிப் போடுகிறார்கள், அதை ஏன் அடுப்பில் வேகவைக்கிறார்கள், வெந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது, அது எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது என்பதைப் பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் ஈயம் என்றால் இரண்டு உலோகங்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசும் ஈயமும் வெள்ளீயம். அது 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் ஓட்டை விழுவது அதனால்தான். நாம் பேசப்போவது காரீயம். உருகுநிலை 327 டிகிரி. தண்ணீரைவிடப் பதினோரு மடங்குக்கும் மேல் கனம். நஞ்சு. இனி இங்கே ஈயம் என்று வரும் இடமெல்லாம் காரீயம்தான்.

நம் கடற்கரைகளிலும் ஆற்றோரங்களிலும் வீச்சு வலையின் விளிம்பில் கோத்திருக்கும் மணிகள் இந்த ஈயம்தான். ஆனால் வார்த்த ஈயத்துக்குப் பூச்சுப் போடுவதை ஒரு பொழுதுபோக்குக் கலையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள தூண்டில்காரர்கள். ஏரிகள் உறைந்து கிடக்கும் குளிர்காலத்தில் அச்சில் ஈயத்தை ஊற்றி ஜிக் செய்வார்கள். ஜிக் என்பது தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயத்தால் ஒரு சின்னத் தலை வைத்த மாதிரி இருக்கும். கனம் முள்ளை அடிக்கு இழுத்துச் செல்லும், தலையின் நிறம் மீனை இழுக்கும். அந்த நிறத்தை நிலைக்கவைக்கும் முயற்சியில்தான் அவர்கள் பவுடர் கோட்டிங்குக்கு வந்தார்கள்.

சாதாரண எனாமல் பெயின்ட் ஏன் போதவில்லை? பெயின்ட் பூசிய ஜிக்கைப் பாறை நிறைந்த இடத்தில் நான்கு முறை இழுத்தால் விடை கிடைக்கும். ஈயம் அடிபட்டதும் நசுங்கும், மேலே இருக்கும் பெயின்ட்டால் கூடவே நசுங்க முடியாது. விரிசல் விட்டுச் செதில் செதிலாக உதிரும். கீழே இருக்கும் உலோகம் வளைந்தாலும் சேர்ந்து வளையக்கூடிய, ஒரு தோல் மாதிரியான பூச்சு வேண்டும்.

தூளுக்குள் என்ன இருக்கிறது

நம் ஊரில் பவுடர் கோட்டிங் எல்லாருக்கும் பழகிய சொல். அலுமினிய ஜன்னல், ஃபேன் மூடி, பைக் வீல் ரிம், ஸ்டீல் பீரோ என்று எங்கும் அதுதான். ஆனாலும் அதை ஒரு வகைப் பெயின்ட் என்றே பலர் நினைக்கிறார்கள். பெயின்ட்டில் ஒரு திரவம் இருக்கும், அது ஆவியாகிப் போனதும் மீதி காய்ந்து ஒட்டும். பவுடர் கோட்டிங்கில் காய்வதற்கு எதுவுமே இல்லை. டப்பாவுக்குள் இருப்பது மாவு போன்ற உலர்ந்த தூள். ஒவ்வொரு துகளும் பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அந்தத் துகள் ஒவ்வொன்றிலும் முழுச் சமையலுக்கான பொருளும் சேர்ந்தே இருக்கிறது. பாலியெஸ்டர் அல்லது எபாக்ஸி போன்ற ஒரு பிசின், அந்தப் பிசினை இறுக்கும் கடினப்படுத்தி, நிறமி, உருகும்போது சமமாகப் பரவவைக்கும் சிறு சேர்மானங்கள். தொழிற்சாலையில் இவற்றைச் சூட்டில் ஒன்றாகப் பிசைந்து, தகடாக ஆறவைத்து, நொறுக்கி அரைக்கிறார்கள். பிசைவதற்கு வேண்டிய சூடு உண்டு, வேகும் அளவு சூடும் நேரமும் கிடையாது. அதனால் தூள் வேகாத நிலையிலேயே நம் கைக்கு வருகிறது.

தூளைப் பூச்சாக்கும் இந்த வழிக்கு அடிபோட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த எர்வின் கெம்மர். 1950களின் தொடக்கத்தில், நுண்துளைத் தட்டின் வழியாகக் கீழிருந்து காற்றை விட்டுத் தூளை மிதக்கவைத்தார். அப்படி மிதக்கும் தூள் தண்ணீர் போல நடந்துகொள்ளும். சூடான உலோகத்தை அதில் முக்கி எடுத்தால், தொட்ட தூளெல்லாம் உருகி ஒட்டிக்கொள்ளும். மின்னூட்டம் கொடுத்துத் தூளைத் தெளிக்கும் துப்பாக்கி 1960களில் பரவியது. நம் ஊர்ப் பட்டறைகளில் இன்று பார்ப்பது அதைத்தான். ஆனால் வீட்டில் ஜிக் செய்பவர்களுக்குக் கெம்மரின் பழைய வழிதான் இன்றும் கைகொடுக்கிறது, கொஞ்சம் பின்னால் அதைப் பார்க்கலாம்.

உருகுவது வேறு, வேகுவது வேறு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

மெழுகை எடுத்துக்கொள்ளுங்கள். சூடாக்கினால் உருகும், ஆறினால் இறுகும், மறுபடி சூடாக்கினால் மறுபடி உருகும். எத்தனை முறை செய்தாலும் அதே மெழுகுதான். இட்லி மாவு அப்படியில்லை. ஒருமுறை வெந்துவிட்டால் எந்தச் சூட்டைக் காட்டினாலும் திரும்ப மாவாகாது. பவுடர் கோட்டிங் தூள் இந்த இரண்டாகவும் நடந்துகொள்ளும். முதல் சில நிமிடம் மெழுகு மாதிரி உருகிப் பரவும். அதற்கப்புறம்தான் இட்லி மாதிரி வேகத் தொடங்கும். அப்போது பிசினும் கடினப்படுத்தியும் வினைபுரிந்து, தனித்தனியாகக் கிடந்த நீண்ட மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து ஒரே வலையாகின்றன. வலையானபின் அது உருகாது, கரைப்பான்களில் எளிதில் கரையாது, வளைந்தாலும் பிய்யாது. இதைத்தான் க்யூரிங் என்கிறார்கள்.

வீடு கட்டியவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. கான்கிரீட் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதையும் க்யூரிங் என்றுதான் மேஸ்திரி சொல்வார். சிமென்ட் காய்ந்து இறுகுகிறது என்று நாம் பேச்சுக்குச் சொன்னாலும், உண்மையில் அது தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. காயவிட்டால் பலம் குறையும். பொருள் வேறு, சூடும் வேறு, ஆனால் இரண்டிலும் நடப்பது ரசாயன வினை, அதற்குரிய நேரத்தை நாம் கொடுத்தே ஆகவேண்டும்.

புதிதாகச் செய்பவர்கள் ஏமாறுவது கண்ணை நம்பித்தான். தூள் உருகிப் பரவிய உடனேயே பூச்சு கண்ணாடி மாதிரி பளபளக்கும். வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் அது வெறும் உருகிய மெழுகு நிலையில்தான் இருக்கிறது. அப்போதே வெளியே எடுத்து ஆறவைத்தால் பார்க்க அழகாக இருக்கும், நகத்தால் அழுத்தினால் செதிலாகப் பெயரும். பளபளப்புக்கும் வேக்காட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பதினைந்து இருபது நிமிடத்தில்தான் பூச்சு உருவாகிறது.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது தூளுக்குத் தூள் மாறும். டப்பாவிலோ தயாரிப்பாளரின் விவரத்தாளிலோ அச்சிட்டிருப்பார்கள், அதையே நம்புங்கள். பொதுவாக 180 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம், 200 டிகிரியில் 10 நிமிடம் என்ற கணக்கை ஒட்டி வரும். அமெரிக்க ஜிக் பொடிகளில் 350 டிகிரி ஃபாரன்ஹீட் என்று போட்டிருப்பது நம் கணக்கில் ஏறத்தாழ 177. ஈயம் உருகுவதற்கு 327 டிகிரி வேண்டும் என்பதால், இடையில் நிறைய இடம் இருக்கிறது. ஈயத்துக்கு இந்தப் பூச்சு ஒத்துவருவதற்கு அந்த இடைவெளிதான் காரணம்.

ஒரு எச்சரிக்கை. பழைய இரும்புக்கடை ஈயத்தில் சால்டரிங் ஈயம் நிறையக் கலந்திருந்தால் இந்தக் கணக்கு தப்பும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த சால்டர் 183 டிகிரியிலேயே உருகிவிடும்.

நேரக் கணக்கில் இன்னொரு நுணுக்கம் உண்டு. விவரத்தாளில் சொல்லியிருக்கும் சூடு உலோகத்தின் சூடு. அடுப்பின் சூடு அதுவல்ல. அடுப்பு 180 காட்டுகிறது என்பதற்காக உள்ளே தொங்கும் குண்டும் 180 ஆகிவிட்டது என்று பொருளில்லை. ஒரே எடையுள்ள இரும்பைச் சூடாக்க வேண்டிய வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஈயத்துக்குப் போதும் என்பதால், சின்ன ஜிக் சீக்கிரம் சூடேறும். நூறு கிராம் குண்டுக்கு அந்தச் சலுகை போதாது. பெரிய குண்டுகளையும் சின்ன ஜிக்குகளையும் ஒரே ஈட்டில் போட்டால், ஒன்று வெந்திருக்கும், மற்றது அரைவேக்காடாக இருக்கும்.

செய்யும் முறை

சுத்தத்தில் தொடங்க வேண்டும். அச்சிலிருந்து எடுத்த ஈயத்தில் கைப்பட்ட எண்ணெயும், அச்சுக்குத் தடவிய பொருளும், லேசான ஆக்சைடும் இருக்கும். அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. ஈயத்தைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் வரும் தூசு, முழுக் குண்டைக் கையில் பிடிப்பதைவிடப் பல மடங்கு ஆபத்து.

அடுத்தது தூளைத் தயார் செய்வது. டப்பாவில் பல மாதம் கிடந்த தூள் அடியில் கெட்டிதட்டியிருக்கும். குலுக்கியோ குச்சியால் கிளறியோ பொலபொலவென்று ஆக்க வேண்டும். நிறையச் செய்பவர்கள் கெம்மரின் மிதக்கும் படுக்கையைச் சின்ன அளவில் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள்: ஒரு குழாய்த் துண்டு, அடியில் காற்று புகும் தாள், மீன் தொட்டிக்குக் காற்று விடும் சிறு பம்ப். பம்ப் ஓடும்போது தூள் மெல்லக் கொதிப்பது போல அலையும். ஒரு ஜெர்மானியத் தொழிற்கூட யோசனை இப்படி மீன் தொட்டிப் பம்ப்பில் வந்து உட்கார்ந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஜிக்கைக் குறட்டால் முள் பக்கம் பிடித்து, சூடான காற்றை வீசும் ஹீட் கன்னால் தலையைச் சூடாக்குகிறார்கள். எவ்வளவு நேரம் என்பது குண்டின் எடையைப் பொறுத்தது. சூடு போதாவிட்டால் தூள் ஒட்டாமல் திருநீறு பூசியது போல வெளிறி நிற்கும். அதிகமானால் தூள் தடித்து ஒட்டி, வழிந்து அடியில் சொட்டாகத் தொங்கும். சரியான சூட்டில் ஓரிரு நொடி தூளுக்குள் அசைத்து எடுத்தால், வெளியே வந்தபின் மங்கலாக இருந்த பரப்பு கண்ணெதிரே பளபளப்பாக மாறும். இது இரண்டு மூன்று குண்டிலேயே கைக்குப் பழகிவிடும். குறட்டை லேசாகத் தட்டினால் உபரித் தூள் உதிர்ந்துவிடும்.

தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, கோக்கும் துளையில் பூச்சு அடைத்திருந்தால் சூடு ஆறுவதற்குள் ஊசியால் குத்திவிட வேண்டும். வெந்தபின் குத்தினால் சுற்றியிருக்கும் பூச்சும் உடையும். இரண்டு மூன்று நிறம் வேண்டுமென்றால், ஒவ்வொன்றையும் உருக்கி ஒட்டிக்கொண்டு கடைசியில் ஒரே முறை வேகவைத்தால் போதும்.

அப்புறம் அடுப்பு. ஜிக்குகள் ஒன்றையொன்று தொடாமல் கம்பியில் தொங்க வேண்டும். தொட்டால் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது இரண்டிலும் வழுக்கை விழும். சிறிய டோஸ்டர் அவனில் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், திருகில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. தனியாக ஒரு அவன் தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்ப்பது நல்லது. பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் வந்தால், வார்ப்புக்குள் சிக்கியிருந்த காற்றோ ஈரமோ சூட்டில் வெளியேறியிருக்கிறது என்று பொருள். அடுத்த ஈட்டில் வெறும் ஜிக்குகளைத் தூள் தொடுவதற்கு முன்பே ஒருமுறை அடுப்பில் சூடாக்கிக்கொண்டால் அது குறையும்.

இந்த அடுப்பில் அதற்கப்புறம் ஒரு ரொட்டித் துண்டைக்கூடச் சுடக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. சமையலறை அவனை "இன்று ஒருநாள் மட்டும்" என்று எடுக்காதீர்கள். பழைய அவன் ஒன்றை வாங்கி, அதன்மேல் எழுதி ஒட்டி, வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தூளும் மூச்சுக்கு ஆகாது, முகக்கவசம் வேண்டும். காற்றில் மிதக்கும் நுண்தூள் தீப்பற்றக்கூடியது என்பதால் பக்கத்தில் மெழுகுவத்தியோ பீடியோ கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே எதையும் வாயில் வைக்க வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வரவே வேண்டாம். ஈயத்துக்கு இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதிகம் பாதிக்கப்படுவது வளரும் குழந்தையின் மூளை.

வெந்ததா என்று பார்ப்பது

இட்லியில் விரலை நனைத்துத் தொட்டுப் பார்ப்பது போல இதற்கும் சோதனை உண்டு. நன்றாக ஆறியபின், அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஒரே இடத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டும். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவங்கள் பலவற்றிலும் இருப்பது அசிட்டோன்தான். பஞ்சில் லேசாகச் சாயம் தெரிந்தால் பயமில்லை. பஞ்சு முழுக்க நிறமேறி, பூச்சு பிசுபிசுத்தால் வேகவில்லை. மூலக்கூறுகள் வலையாகப் பிணைந்திருந்தால் அசிட்டோனால் அவற்றை எளிதில் பிரித்தெடுக்க முடியாது என்பதுதான் இதன் தர்க்கம்.

இன்னொரு சோதனை சுத்தியல். ஒரு ஈட்டிலிருந்து ஒரு குண்டைப் பலிகொடுத்துத் தகடாகத் தட்ட வேண்டும். ஈயம் இரும்பைப் போல எதிர்க்காது, அப்பளம் போலப் பரவும். பூச்சும் கூடவே விரிந்து ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த ஈடு தேறிவிட்டது. சிதறி உதிர்ந்தால் வேக்காடு போதவில்லை, அல்லது அடியில் எண்ணெய் இருந்திருக்கிறது. வேக்காடுதான் குறை என்றால் மீதியைத் திரும்ப அடுப்பில் போடலாம், பாதியில் நின்ற வினை சூடு கிடைத்ததும் தொடரும். எண்ணெய்தான் குறை என்றால் மறுபடி வேகவைத்துப் பயனில்லை. அதிகமாக வெந்துவிட்டால் வெள்ளை மஞ்சளாகும், பளபளப்பு குறையும், பூச்சு நொறுங்கும் தன்மைக்குப் போகும். அதற்குத் திரும்பும் வழி இல்லை.

பூச்சு காப்பாற்றாத இடம்

நன்றாக வெந்த பூச்சு கையைக் காக்கும். பெட்டிக்குள் ஈயத் தூசு படியாமல் காக்கும். ஆனால் ஏரியில் தங்கூசி அறுந்து ஜிக் உள்ளே போய்விட்டால், அங்கே இருக்கும் பறவையை அது காக்காது. பூச்சுப் போட்டவர்களில் பலர் ஈயப் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகவே நம்பிவிடுகிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

வட அமெரிக்க ஏரிகளில் லூன் என்ற முங்கிப் பறவை உண்டு. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட முதுகு, சிவந்த கண். பல்லில்லாத பறவைகள் பலவும் செய்வதுபோல அதுவும் கூழாங்கற்களை விழுங்கி அரைவைப்பையில் வைத்துக்கொண்டு உணவை அரைக்கிறது. வீட்டில் கோழி அறுத்தவர்கள் அந்தப் பைக்குள் மணலும் கல்லும் பார்த்திருப்பார்கள். கூழாங்கல் என்று நினைத்து விழுங்கிய ஈயக்குண்டும், அறுந்த ஜிக்கைத் தொங்கவிட்டபடி திரியும் மீனோடு உள்ளே போன ஜிக்கும் அந்தப் பைக்குத்தான் போய்ச் சேர்கின்றன. அங்கே இரவும் பகலும் கல்லோடு கல்லாக அரைபடும், வயிற்று அமிலமும் சேரும். சுத்தியலுக்கு அசையாத பூச்சுகூட அந்த அரைவைக்கு முன் நிற்காது. தோல் போனதும் ஈயம் கரைந்து ரத்தத்தில் ஏறுகிறது. ஒரே ஒரு சின்னக் குண்டு போதும், சில வாரங்களில் பறவை இறந்துவிடும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1989 முதல் 2012 வரை இறந்து கிடைத்து ஆராயப்பட்ட வளர்ந்த லூன்களில் ஏறத்தாழப் பாதி, தூண்டில் ஈயத்தால் இறந்தவை.

அந்த மாநிலம் 2000-ல் ஏரி குளங்களில் சிறு ஈயக்குண்டுகளைப் பயன்படுத்தத் தடை கொண்டுவந்தது. 2016 ஜூன் முதல் ஓர் அவுன்சும் அதற்குக் குறைவுமான ஈயக்குண்டு, ஜிக் இரண்டையும் விற்பதும் நன்னீரில் பயன்படுத்துவதும் கூடாது. பெயின்ட் அடித்திருந்தாலும், வேறு எதனால் மூடியிருந்தாலும் விலக்கு இல்லை. ஓர் அவுன்ஸ் என்பது 28.35 கிராம். பிரிட்டனும் 1987 ஜனவரியில் இதே எண்ணில்தான் கோடு போட்டது: 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையிலான தூண்டில் ஈயத்தின் விற்பனைக்குத் தடை. அங்கே செத்துக்கொண்டிருந்தவை தேம்ஸ் போன்ற ஆறுகளின் அன்னங்கள். பறவையின் தொண்டைக்குள் போகக்கூடிய அளவு எதுவோ அதுவே சட்டத்தின் அளவாயிற்று.

அதனால் பலர் ஈயத்தை விட்டே விலகி, வெள்ளீயம், பிஸ்மத், டங்ஸ்டன் என்று போகிறார்கள். நானும் அதைத்தான் சொல்வேன், ஆனால் அடுப்புக் கணக்கை மறந்துவிடக் கூடாது. சுத்த வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். 200 டிகிரியில் வேகவைத்தால் ஏறி இறங்கும் டோஸ்டர் அவனில் அது விளிம்பு ஆட்டம், 177-ல் வேகும் தூளைத் தேடி வாங்குவது நல்லது. பிஸ்மத்தும் வெள்ளீயமும் 58-க்கு 42 என்று கலந்த உலோகக் கலவை ஊற்றுவதற்கு மிக எளிது, அதனால் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது 138 டிகிரியிலேயே உருகிவிடும். அதன்மேல் இந்தத் தூளைப் போட்டு 180 டிகிரியில் வைத்தால், இருபது நிமிடம் கழித்துத் திறக்கும்போது கம்பியில் வெறும் முட்கள் தொங்கும், தலைகளெல்லாம் தட்டில் உருகிக் கிடக்கும். அந்தக் கலவைக்கு அடுப்பு வேண்டாம், புற ஊதா ஒளியில் இறுகும் பிசின்தான் பொருந்தும்.